காலைச் சர்க்கரைக்கு இரவே சாட்சி

முதல் வகை நீரிழிவுடன் வாழும் பிள்ளைகளையும் இளைஞர்களையும் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துவரும் குடும்பத்தார், குறிப்பேட்டைத் திறந்ததும் முதலில் விரல்வைத்துக் காட்டுவது காலை வெறும் வயிற்று அளவைத்தான். “இரவு படுக்கும்போது 140 இருந்தது டாக்டர். காலையில் எழுந்தால் 270. இடையில் ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை” என்பார் தாய். பிள்ளை யாருக்கும் தெரியாமல் எதையேனும் தின்றிருக்குமோ என்ற ஐயம் தந்தையின் முகத்தில் தெரியும். பிள்ளை தலைகுனிந்து நிற்கும்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வீடுகளில் மூன்று முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, பிள்ளையைக் கடிந்துகொள்வது. இரண்டு, காலை உணவை நிறுத்துவது. மூன்று, அன்றிரவே இன்சுலினை இரண்டு யூனிட், நான்கு யூனிட் எனக் கூட்டிப் போடுவது. முதல் இரண்டும் பயனற்றவை. மூன்றாவது சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது.

காலை அளவை மட்டும் பார்த்து இரவு இன்சுலினைக் கூட்டக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. இரவின் நடுவே சர்க்கரை எங்கிருந்தது என்பதை அறிந்த பிறகே அளவை மாற்ற வேண்டும். இது குடும்பத்தாருக்கு மட்டுமன்றி, தொலைபேசியில் ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு மறுமுனையிலிருந்து அளவை மாற்றிச் சொல்லும் மருத்துவர்களுக்கும் பொருந்தும். ஏன் என்பதை விரிவாகச் சொல்வது எங்கள் கடமை.

இரவில் உடலுக்குள் நடப்பது

நாம் உறங்கினாலும் உடல் உறங்குவதில்லை. மூளைக்கும் இதயத்துக்கும் இரவு முழுவதும் சர்க்கரை தேவை. உணவு வராத அந்த வேளையில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. விடியற்காலை ஏறத்தாழ 4 மணி முதல் 8 மணிக்குள், நாம் எழுந்து நடமாடுவதற்கு உடல் ஆயத்தமாகிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் சுரந்த வளர்ச்சிச் சுரப்பின் விளைவும் அப்போது வெளிப்படுகிறது. இவை கல்லீரலை மேலும் சர்க்கரை விடச் செய்கின்றன. இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன.

நீரிழிவு இல்லாதவருக்கு இது தெரிவதேயில்லை. அவருடைய கணையம் அந்நேரத்தில் இன்சுலினைச் சற்றுக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. முதல் வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டதால் அந்த ஈடு நிகழ்வதில்லை. முந்திய இரவு ஊசியில் போட்டது எவ்வளவு மீதமிருக்கிறதோ, அவ்வளவுதான் காவல். ஆகவே ஒன்றும் உண்ணாமலேயே சர்க்கரை ஏறுகிறது. மருத்துவ நூல்கள் இதை ‘விடியற்கால உயர்வு’ என்று குறிப்பிடுகின்றன. 1981இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து இப்பெயர் வழக்குக்கு வந்தது. பூப்பெய்தும் பருவத்தில் வளர்ச்சிச் சுரப்பு மிகுவதால், 11 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளிடம் இவ்வுயர்வு கூடுதலாகத் தெரியும்.

பெற்றோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான். காலையில் ஏறிய சர்க்கரை பிள்ளையின் ஒழுக்கக் குறைவுக்குச் சான்றன்று. உண்ணாத பிள்ளையை உண்டதாகச் சொல்லித் தண்டித்தால், அது மறுநாள் முதல் பொய்யான எண்களை எழுதத் தொடங்கும். பொய்யெண்கள் நிறைந்த குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் சரியான அளவைச் சொல்ல இயலாது.

ஓர் எண், பல காரணங்கள்

காலையில் அளவு உயர்ந்திருந்தால் அது விடியற்கால உயர்வாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் அன்றாடம் காணும் காரணங்கள் வேறு சிலவும் உண்டு.

முதலாவது, இரவு இன்சுலின் விடியும்முன் தீர்ந்துபோதல். அரசு மருத்துவமனைகளிலும் சிறு மருந்தகங்களிலும் பரவலாகக் கிடைக்கும் பால்போல் கலங்கிய என்.பி.எச். இன்சுலினும், அது சேர்ந்த 30/70 கலவையும், ஊசி போட்ட ஏறத்தாழ 4 மணி முதல் 8 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து பின்னர் தணிகின்றன. மாலை 7 மணிக்குப் போட்டுவிட்டு உண்டு படுத்தால், அதன் வலிமை நள்ளிரவையொட்டி மிகுந்திருக்கும். தேவைப்படும் அதிகாலையிலோ அது மெலிந்துவிடும்.

இரண்டாவது, படுக்கும்போதே சர்க்கரை மிகுந்திருந்து இரவு முழுவதும் அப்படியே நீடித்தல். இரவு 10 மணிக்குப் பரோட்டாவும் குருமாவும் உண்டால், அதிலுள்ள கொழுப்பு செரிமானத்தை இழுத்துக்கொண்டு போகும். 11 மணிக்குப் பார்க்கும்போது 150 இருக்கும். 3 மணிக்கு 260 இருக்கும்.

மூன்றாவது, நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோய், அதைச் சரிசெய்ய உண்ட இனிப்பு அளவுக்கு மிஞ்சுதல். வியர்த்து நடுங்கி எழுந்த பிள்ளைக்கு, பதறிய தாய் சர்க்கரை கலந்த பாலும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் அடுத்தடுத்துக் கொடுப்பார். அந்தப் பதற்றம் இயல்பானது. ஆனால் காலையில் 300 காட்டுவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இங்கு ஒரு பழைய கருத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் சர்க்கரை தாழ்ந்தால் உடல் தானாகவே எதிர்வினையாற்றிக் காலையில் சர்க்கரையை ஏற்றிவிடும் என்று 1930களின் இறுதியில் மைக்கேல் சொமோகி என்னும் உயிர்வேதியியலாளர் விளக்கினார். பல பத்தாண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு இதுவே கற்பிக்கப்பட்டது. தொடர்ந்து சர்க்கரையைக் கண்காணிக்கும் கருவிகள் வந்த பிறகு நடந்த ஆய்வுகள், அத்தகைய எதிர்வினை நினைத்த அளவுக்கு அடிக்கடி நிகழ்வதில்லை எனக் காட்டியுள்ளன. இரவில் தாழ்ந்தவர்களின் காலை அளவு பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கிறது. ஆகவே ‘காலையில் அதிகம் என்றால் இரவில் தாழ்ந்திருக்கும், இன்சுலினைக் குறை’ என்பதும், ‘காலையில் அதிகம் என்றால் இன்சுலின் போதவில்லை, கூட்டு’ என்பதும் இரண்டுமே ஊகங்கள்தாம். நள்ளிரவில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் அந்த ஊகங்களுக்கு முடிவு கட்டும்.

நான்காவது, ஊசி போடும் இடம். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கு வலி குறைவு என்பதால் பிள்ளைகள் அந்த இடத்தையே விரும்புவர். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. மாதம் ஒருமுறையேனும் வயிறு, தொடை, கைகளைத் தடவிப் பாருங்கள்.

ஐந்தாவது காரணம் எல்லையோரத்தில் வாழும் நமக்கே உரியது. அதைத் தனியே சொல்கிறோம்.

இரு மாநிலம், இரு குப்பி, இரு சிரிஞ்ச்

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்தால் ஒரு மணி நேரப் பயணத்தில் பெங்களூரு. இங்குள்ள குடும்பங்கள் பலவும் அங்கொரு சிறப்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு, இங்குள்ள அரசு மருத்துவமனையில் இன்சுலின் பெறுகின்றன. வசதிக்கேற்ப இப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் இரண்டு இடத்து மருந்தும் ஒரே செறிவில் இருப்பதில்லை.

இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. பேனாவில் இடும் கார்ட்ரிட்ஜும் சில குப்பிகளும் 100 யூனிட் செறிவுடையவை. சிரிஞ்சிலும் அவ்வாறே இரு வகை உண்டு. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச். மாற்றி எடுத்தால் என்னவாகும்? 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ‘10’ என்ற கோடுவரை எடுத்தால் உடலுக்குள் செல்வது 4 யூனிட் மட்டுமே. காலையில் 300 காட்டுவதில் வியப்பில்லை. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே ‘10’ கோடுவரை எடுத்தாலோ, உள்ளே செல்வது 25 யூனிட். இரண்டரை மடங்கு. அந்த இரவு எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே காலைச் சர்க்கரை திடீரென மாறிய வாரத்தில் நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘குப்பி மாறியதா, சிரிஞ்ச் மாறியதா, கடை மாறியதா’ என்பதே. குப்பியையும் சிரிஞ்சையும் பையில் போட்டு எங்களிடம் எடுத்து வாருங்கள். சீட்டைப் பார்ப்பதைவிட அவற்றைப் பார்ப்பதில் எங்களுக்குக் கூடுதல் பயன் உண்டு.

இன்சுலின் கெட்டுப்போவதும் இதில் அடங்கும். திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஓசூரின் குளிர்ச்சியை நம்பி மே மாதக் கிருஷ்ணகிரி வெயிலில் பேனாவை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குள் செல்லாதீர்கள். ஃபிரீசரில் வைத்து உறைந்த இன்சுலினை உருகவைத்துப் பயன்படுத்தாதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானைக்குள் சிறு பானை வைத்து, அதில் உறையிட்ட குப்பியை வைப்பது நல்ல ஏற்பாடு.

மூன்று இரவுகளின் குறிப்பேடு

நாங்கள் கேட்பது மூன்று இரவுகள் மட்டுமே. அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே வாரத்துக்குள், வழக்கமான உணவும் வழக்கமான இன்சுலினும் உள்ள இரவுகளாக இருந்தால் போதும். ஒவ்வோர் இரவும் நான்கு முறை பாருங்கள்: இரவு உணவுக்கு முன், படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, கண்விழித்த உடனே. கண்விழித்த உடனே என்பது காப்பிக்கும் குளியலுக்கும் முன்பு. சிலருக்கு எழுந்து நடமாடத் தொடங்கியதுமே சர்க்கரை ஏறத் தொடங்கும். எண்ணோடு சேர்த்து உண்ட நேரம், உண்டது என்ன, இன்சுலின் போட்ட நேரம், அன்றைய விளையாட்டு அல்லது உழைப்பு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

அதிகாலை 3 மணி அளவு நல்ல நிலையில், அதாவது 100 முதல் 150 வரை இருந்து, காலையில் மட்டும் உயர்ந்திருந்தால் அது விடியற்கால உயர்வு அல்லது இன்சுலின் தீர்ந்துபோதல். இதற்கு மருந்தைக் கூட்டுவதைவிட நேரத்தை மாற்றுவதே பல வேளைகளில் போதுமானது. என்.பி.எச். இன்சுலினை இரவு உணவோடு போடாமல் படுக்கும் நேரத்துக்குத் தள்ளினால் அதன் உச்சம் விடியலை நோக்கி நகரும். கலவை இன்சுலினில் இப்படித் தள்ள இயலாது. அதனால்தான் முதல் வகை நீரிழிவுக்கு அடிப்படை இன்சுலினையும் உணவு இன்சுலினையும் தனித்தனியே போடும் முறையை நாங்கள் வலியுறுத்துகிறோம். நாள் முழுவதும் சீராக வேலை செய்யும் நீண்டகால இன்சுலின் இன்னும் ஏற்றது. இன்சுலின் பம்ப் வைத்திருப்போர் விடியல் நேரத்துக்கு மட்டும் கூடுதல் அளவை அமைத்துக்கொள்ளலாம்.

3 மணிக்கே 200ஐத் தாண்டியிருந்தால் குறை இரவு உணவிலோ, அதற்கான இன்சுலினிலோ, ஊசி இடத்திலோ, மருந்தின் தரத்திலோ இருக்கிறது.

3 மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் அது உடனடியாகக் கவனிக்க வேண்டியது. அன்றிரவு இன்சுலினைக் கூட்டியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை நினைத்துப் பாருங்கள். விழித்திருக்கும் பெரியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். சிறு பிள்ளைக்கு எடைக்கேற்ப இதைவிடக் குறைவாகப் போதும். 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் பாருங்கள். ஏறிவிட்டால் அதோடு நிறுத்துங்கள். தேவைப்பட்டால் ஒரு சிறு சிற்றுண்டி. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுகாகன் ஊசி இருந்தால் போட்டு, 108ஐ அழையுங்கள். ஈரமான தலையணை, கெட்ட கனவு, காலையில் தலைவலி, காரணமற்ற எரிச்சல் ஆகியவை இரவில் தாழ்ந்ததற்கான அடையாளங்களாக இருக்கலாம்.

அளவு மாற்றம் தேவைப்பட்டால் பொதுவாக ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் மாற்றுவோம். பின்னர் சில நாள் காத்திருந்து, மறுபடியும் 3 மணி அளவைப் பார்ப்போம்.

ஷிப்ட் மாறும் உடலுக்கு விடியல் எப்போது?

ஓசூர், சிப்காட், சூளகிரி, போச்சம்பள்ளி வட்டாரங்களில் உள்ள தொழிற்சாலைகளில் இரவு 10 மணிக்கு உள்ளே சென்று காலை 6 மணிக்கு வெளிவரும் இளைஞர்களுக்கு ‘காலை வெறும் வயிறு’ என்ற சொல்லே பொருந்துவதில்லை. அவர்கள் 2 மணிக்கு உணவுக்கூடத்தில் உண்டிருப்பார்கள். 8 மணிக்குத்தான் படுப்பார்கள். வளர்ச்சிச் சுரப்பு உறக்கத்தைப் பின்தொடரும். கார்ட்டிசாலோ உடலின் உள்கடிகாரத்தைப் பின்தொடரும். அக்கடிகாரம் ஒரு வார ஷிப்ட் மாற்றத்துக்கு எளிதில் இசையாது. எனவே அவர்களுடைய சர்க்கரை பகல் ஷிப்ட் வாரத்தில் ஒரு வகையாகவும் இரவு ஷிப்ட் வாரத்தில் வேறு வகையாகவும் நடந்துகொள்ளும். இதை நோயாளியின் கவனக்குறைவு என்று கருதுவது தவறு.

இவர்களுக்கு நாங்கள் சொல்வது நான்கு. குறிப்பேட்டில் மணியோடு ‘உறங்கி எழுந்து எத்தனை மணி நேரம்’ என்பதையும் எழுதுங்கள். நீண்டகால இன்சுலினுக்கு மூன்று ஷிப்டிலும் கைக்கு எட்டக்கூடிய ஒரே கடிகார நேரத்தை மருத்துவருடன் பேசித் தேர்ந்தெடுங்கள். ஷிப்ட் மாறும் முதல் இரண்டு நாள்களில் கூடுதலாக ஒருமுறை சோதியுங்கள். உடல் உழைப்பு மிகுந்த ஓவர்டைம் நாளுக்கு அடுத்துவரும் உறக்கத்தில் சர்க்கரை தாழக்கூடும் என்பதை மறவாதீர்கள். மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரை விடுவது தடைப்பட்டு அந்த ஆபத்து இரட்டிக்கும்.

நிறுவனங்களுக்கும் ஒரு சொல். உற்பத்திக் கூடத்துக்குள் உணவுப் பொருளையும் தனிப்பட்ட கருவிகளையும் அனுமதிக்காத விதிகள் இருப்பதன் காரணத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் முதல் வகை நீரிழிவு உள்ள தொழிலாளிக்குக் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் இன்சுலின் பேனாவும் ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்ட வேண்டும். கூடத்தின் வாயிலில் ஒரு பூட்டிய பெட்டி, மருந்தறையில் ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி, மேற்பார்வையாளருக்கு ஒரு மருத்துவச் சான்று ஆகியவை போதும். விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள், வேலை போய்விடுமோ, வரன் தட்டிப்போகுமோ என அஞ்சி நோயை மறைக்கின்றனர். மறைத்துவைத்த நோய்க்கு இரவில் உதவ அறைத்தோழிக்குத் தெரியாது. ஒருவரிடமேனும் சொல்லிவையுங்கள் என்று அவர்களை வேண்டுகிறோம். அப்படிச் சொன்னவரைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

களியும் காலை உணவும்

‘கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது’ என்ற நம்பிக்கை இவ்வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கேழ்வரகு நல்ல உணவு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட மிகுதி. ஆனால் அதன் மாவுச்சத்து அரிசிக்குப் பெரிதும் பின்தங்கியதன்று. நன்கு அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ குடித்தால் வேகமாகவே இரத்தத்தில் சேரும். களியும் கீரையும் அவரைக் குழம்புமாக அளவறிந்து உண்டு, அதற்குரிய இன்சுலினையும் போடுவதே முறை.

காலை உணவை நிறுத்துவதால் காலைச் சர்க்கரை குணமாகாது. உண்ணாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். விடியலின் சுரப்புகள் அடங்காத அந்த வேளையில் இன்சுலினின் வேலை மந்தமாக இருப்பதால், இரவில் மூன்று இட்லிக்குப் போதுமான அளவு காலையில் போதாமல் போகலாம். ஆகவே பலருக்குக் காலை உணவுக்கான இன்சுலின் விகிதம் வேறாக அமையும். விரைவு இன்சுலினை உண்பதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு போடுவது பெரும்பயன் தரும். அளவு மிகுந்திருக்கும் நாளில் ஊசிக்கும் இட்லிக்கும் இடையே இன்னும் சற்று இடைவெளி விடலாம்; தாழ்ந்திருக்கும் நாளில் முதலில் உண்ணுங்கள். பள்ளிப் பேருந்துக்கு ஓடும் வீட்டில் இது கடினம் என்பதை அறிவோம். பல் துலக்குவதற்கு முன் ஊசி, சீருடை அணிந்த பின் உணவு என வரிசையை மாற்றினாலே அந்த இடைவெளி கிடைத்துவிடும்.

எதிர்வாதங்கள்

‘நாள் முழுவதும் உழைத்துவிட்டு 3 மணிக்கு எழுவது யாரால் முடியும்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வோர் இரவும் என்று நாங்கள் கேட்பதில்லை. மூன்று இரவுகள், பின்னர் அளவு மாறும்போது மட்டும். உறங்கும் பிள்ளையின் விரலிலிருந்து, முழுமையாக எழுப்பாமலேயே இரத்தம் எடுத்துவிடலாம். தாயும் தந்தையும் முறைவைத்து எழுவது நல்லது. இந்தச் சுமை தாயின் தலையிலேயே விழுவதை நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம்.

‘ஸ்ட்ரிப் விலை அதிகம்’ என்பதும் உண்மைதான். மூன்று இரவுகளுக்கு 12 ஸ்ட்ரிப் ஆகும். நாள்தோறும் காலை அளவை மட்டும் பார்த்து ஒரு மாதத்தில் 30 ஸ்ட்ரிப் செலவழிப்பவர், அவற்றுள் 12ஐ இதற்கென ஒதுக்கினால் கூடுதல் தெளிவு பெறுவார். வசதியுள்ளோர் ஆண்டுக்கு ஓரிருமுறை இரண்டு வாரம் சென்சார் அணிந்துகொள்ளலாம். 14 இரவுகளின் கதையையும் அது வரைந்து காட்டும்.

‘மூன்று மாதச் சராசரிச் சோதனை எடுத்துவிட்டோமே’ என்பாரும் உண்டு. சராசரி ஒரு சராசரிதான். 3 மணிக்கு 50, காலையில் 290 என்று ஆடும் பிள்ளைக்கும், எப்போதும் 170 இல் நிற்கும் பிள்ளைக்கும் அது ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

‘தாழ்ந்துவிடுவோம் என்ற அச்சத்தோடு வாழ்வதைவிட உயர்ந்தே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதே எங்களை மிகவும் வருத்தும் வாதம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தோரிடம் கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வுதான், கட்டுப்பாட்டை இறுக்கியோரிடம் கடுமையான தாழ்வு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்ததையும், அத்தாழ்வுகளில் பாதிக்கு மேற்பட்டவை உறக்கத்தில் நேர்ந்ததையும் காட்டியது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்க வேண்டும். இரவையும் காக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய இரவைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் வேண்டுகோள்

வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரையால் வாழும் முதியோருக்கு அது பெருந்துணை. இன்சுலினால் வாழும் பிள்ளைகளுக்கும் அதே வாசலில் மாதந்தோறும் போதிய ஸ்ட்ரிப்பும் சரியான சிரிஞ்சும் சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். 2022இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் வகை நீரிழிவுக்கெனத் தனி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. வீட்டில் அடிக்கடி சோதித்துப் பார்ப்பது இச்சிகிச்சையின் அடித்தளம். ஸ்ட்ரிப் இல்லாமல் இன்சுலினை மட்டும் கொடுப்பது, விளக்கில்லாத வண்டியை இரவில் மலைப்பாதையில் ஓட்டச் சொல்வதற்கு ஒப்பாகும்.

குடும்பத்தாருக்கு மூன்று செய்திகள். எண் எவ்வளவு உயர்ந்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள், எழுதிவையுங்கள். காரணம் எதுவாயினும், யார் எந்த நாட்டு மருந்தைப் பரிந்துரைத்தாலும், இன்சுலினை நிறுத்தாதீர்கள். 250க்கு மேற்பட்ட அளவோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அளவிறந்த சோர்வு ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் விடியும்வரை காத்திராமல் அப்போதே அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். அது கீட்டோன் நச்சுநிலையாக இருக்கலாம்.

மற்ற நாள்களில் அவசரம் வேண்டாம். அடுத்த முறை எங்களைக் காண வருமுன் மூன்று இரவுகளைத் தேர்ந்து, 3 மணிக்கு அலாரம் வையுங்கள். அந்த மூன்று எண்களும் குப்பியும் சிரிஞ்சும் உங்கள் கையில் இருந்தால், எந்த அளவை எப்போது மாற்றுவது என்பதை நாங்களும் நீங்களும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.